பாரத்தைச் சுமப்பது காற்று: பிக்கப் டயர் கேள்வி–பதில்

காரின் பின் அச்சு என்றைக்கும் ஏறக்குறைய ஒரே எடையைத்தான் சுமக்கிறது. பிக்கப் அப்படியல்ல. போகும்போது காலி, வரும்போது முழு லோடு. பின் டயர்மேல் விழும் எடை ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிடும். டயர் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் காற்றிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சாகியிருக்கிறது. கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் முன்னே 35, பின்னே காலிக்கு 38, லோடுக்கு 55 என்று போட்டிருக்கிறார்கள். காற்று பிடிக்கும் இடத்திலோ நாலு டயருக்கும் 45 வைத்தால் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஸ்டிக்கர் சொல்வதை. டயர்மேல் இருக்கும் 65 உங்கள் வண்டிக்கென்று எழுதப்பட்டதல்ல. அந்த டயர் தன் முழுச் சுமையையும் தாங்குவதற்கான காற்றளவு அது. அதே டயர் எத்தனையோ வகை வண்டிகளில் ஏறும். ஸ்டிக்கரில் இருப்பதுதான் உங்கள் வண்டியின் அச்சு எடையைக் கணக்கிட்டுப் போட்ட அளவு.

நாலுக்கும் 45 வைத்தால் என்ன ஆகிறது பாருங்கள். முன்னே 10 கூடுதல். காலியாக ஓடும்போது பின்னே 7 கூடுதல். லோடு ஏற்றினால் பின்னே 10 குறைவு. எந்த நிலைக்கும் அது பொருந்தவில்லை. இவற்றில் உயிருக்கு ஆபத்தானது கடைசிதான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. மடங்கி விரியும் ரப்பர் சூடாகும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பு விட்டுப்போகும். கடைசியில் பட்டன் (சாலையில் படும் ரப்பர்க் கட்டிகள்) உள்ள பட்டை மொத்தமாக உரிந்து வரும், அல்லது டயர் வெடிக்கும். வெயில் காலத்தில், முழு லோடோடு, நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புது டயர் என்பதால் மட்டும் இது நடக்காமல் இருந்துவிடாது.

காற்றை எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். ஓடி வந்த டயர் 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது சகஜம். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள். ஆறியதும் அந்த டயர் குறைகாற்றில் நிற்கும்.

காற்று பிடிக்கும் இடம் தொலைவில் இருந்தால் அதற்கும் வழி உண்டு. வீட்டில் ஆறிய நிலையில் உங்கள் சொந்த கேஜால் அளந்துகொள்ளுங்கள். 48 காட்டுகிறது, தேவை 55 என்றால் குறைவு 7. அங்கே போய்ச் சேர்ந்ததும் அதே கேஜ் 51 காட்டினால் 58 வரை ஏற்றுங்கள். குறைவை மட்டும் ஈடுகட்டினால் கணக்கு சரியாக இருக்கும். ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸரும் இருந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

லோடு இறக்கியவுடன் ஒவ்வொரு தடவையும் காற்றை இறக்க வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஒரே நாளில் மாறி மாறி லோடும் காலியுமாக ஓடுகிறவர்கள் லோடு அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். நடுப்பட்டன் கொஞ்சம் தேய்வது டயர் வெடிப்பதைவிட மேல். வாரக்கணக்கில் காலியாகவே ஓடப்போகிறது என்றால் காலி அளவுக்கு இறக்குங்கள். காலி வண்டியில் பின் டயர் கல்போல இறுகியிருந்தால் ஈரச் சாலையில் பின்பக்கம் துள்ளி விலகும், பிரேக் பிடிக்கையில் சறுக்கும்.

கேள்வி: பின் டயர் இரண்டும் நடுவில் மட்டும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. ஓரங்களில் பட்டன் நன்றாக இருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அலைன்மென்ட்டால் இது சரியாகாது. பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சு லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டை வில்மேல் உட்கார்ந்த ஒரே முழு அச்சு. அங்கே அலைன்மென்ட்டுக்குத் திருக ஒன்றும் இல்லை. உங்கள் வண்டி பெரும்பாலும் காலியாக, லோடுக்கான காற்றோடு ஓடியிருக்கிறது. அதனால் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் படிந்து தேய்ந்திருக்கிறது.

தேய்மானத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்றுக் குறைவு, அல்லது அந்தக் காற்றுக்கு மிஞ்சிய லோடு. முன் டயரில் உள்ஓரமோ வெளிஓரமோ மட்டும் தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) அல்லது டோ (சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. உள்ளங்கையால் பட்டனைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும் திருப்பித் தடவினால் ரம்பப்பல் போல உறுத்தலாகவும் இருந்தால் டோ சரியில்லை. அப்போதுதான் அலைன்மென்ட் செய்ய வேண்டும். அதற்கு முன் முன்சக்கரத்தின் மூட்டுகளான டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் முன்பக்கத்துக்கு அலைன்மென்ட் செய்தால் சில நாளிலேயே மாறிவிடும். டயரைச் சுற்றி ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது பேலன்சிங் இல்லாமல் இருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி பிரேக் அடித்திருக்கிறார்கள்.

கேள்வி: டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 112, 106/104, 8 பி.ஆர்., எல்.டி., சி என்றெல்லாம் எழுதியிருக்கிறது. லோடு ஏற்றுகிற வண்டிக்கு எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் உங்கள் பின் அச்சில் உண்மையில் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரிய வேண்டும். வழக்கமாக ஏற்றும் லோடோடு எடை மேடைக்குப் போய், பின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி நிறுத்தி எடை போடுங்கள். ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் உள்ள பின் அச்சு உச்சவரம்பை அது தாண்டினால் பிரச்சினை டயரில் இல்லை. கனமான டயர் மாட்டினாலும் அச்சு, பேரிங், பிரேக் எதுவும் பலம் கூடிவிடாது.

எடை 1600 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டயருக்கு 800 கிலோ. டயரில் உள்ள லோடு இன்டெக்ஸ் எண் ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கிறது: 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 112 என்றால் 1120, 115 என்றால் 1215. கணக்குப்படி 102 போதும் போலத் தெரியும். ஆனால் சரக்கு எப்போதும் நடுவில் சீராக உட்காருவதில்லை. ஒரு பக்கம் 55 சதவீதம் சாய்ந்தாலே அந்த டயர்மேல் 880 கிலோ. 102 அங்கேயே தோற்றுவிடும். இந்த வண்டிக்கு 106-தான் எங்கள் தேர்வு. கம்பெனி கொடுத்த இன்டெக்ஸைவிடக் குறைந்ததை எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள்.

106/104 என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது அச்சின் ஒரு பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. இரண்டாவது ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிக்கு. ஜோடியில் இரண்டு டயரும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது என்பதால் எண் குறைகிறது. அளவுக்குப் பின்னால் வரும் ‘சி’யும் முன்னால் வரும் ‘எல்.டி.’யும் (லைட் டிரக்) சரக்கு வண்டிக்கான பலமான கட்டமைப்பைக் குறிக்கின்றன. பி.ஆர். என்பது பலத்தின் தரவரிசை. 8 பி.ஆர். டயருக்குள் எட்டு அடுக்கு துணி இருப்பதாக அர்த்தமில்லை. எல்.டி. டயரில் சி, டி, ஈ என்று லோடு ரேஞ்ச் (தாங்குதிறன் வகுப்பு) வரும்; இந்தச் சி மேலே சொன்ன சி அல்ல. அவை முறையே 6, 8, 10 பி.ஆர்.

எல்.டி. எதுவும் போடாத கார் வகை டயரும் சில பிக்கப்களில் கம்பெனியிலிருந்தே வரும். காலியாக ஓட சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கார் டயரை லாரி வகை வண்டியில் மாட்டும்போது அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. 112 என்றால் 1120 இல்லை, 1018 கிலோதான். தினமும் லோடு ஏற்றுகிறவர்கள் எங்கே இருந்தாலும் இதே கணக்கைப் பின்பற்றுவது நல்லது.

கார் வகையிலிருந்து எல்.டி.க்கு மாறுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எல்.டி. டயர் அதே எடையைச் சுமக்கக் கூடுதல் காற்றைக் கேட்கும். பழைய ஸ்டிக்கர் அளவையே வைத்தால், பலமான டயர் மாட்டியும் தாங்குதிறன் குறைந்துவிடும். தயாரிப்பாளர் தரும் சுமை–காற்று அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, ரிம்மில் இழுத்துச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். அதற்கு மேல் காற்று வைக்கும் டயர் என்றால் உயர் அழுத்த வால்வோ, நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வோ வேண்டும். டயரை மாற்றி வால்வை விட்டுவிடுவது மிகவும் பரவலாக நடக்கும் தவறு.

கேள்வி: தார்ச்சாலையில்தான் அதிகம் ஓட்டம், எப்போதாவது மண் பாதை. முரட்டுப் பட்டன் டயர் போட்டால் நல்லதா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம். சேற்றுக்கென்று செய்த மட் டெரெய்ன் டயர் தார்ச்சாலையில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் பொதுவாக அதிகம். பெரிய கட்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மண் பாதை பத்தில் ஒரு பங்கு என்றால் ஹைவே டெரெய்ன் (தார்ச்சாலைக்கானது), மூன்று நான்கு பங்கு என்றால் ஆல் டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடலாம். ஜல்லியும் கூர்ங்கல்லும் உள்ள வழியாக இருந்தால் பட்டன் வடிவத்தைவிடப் பக்கச்சுவரின் பலத்தை முக்கியமாகப் பாருங்கள். அங்கே டயரைக் கிழிப்பது பக்கவாட்டில் குத்தும் கல்தான்.

கேள்வி: 265/65 ஆர்17 இருக்கிற இடத்தில் 285/70 ஆர்17 மாட்டினால் வண்டி உயரமாகத் தெரியும் என்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: முதல் டயரின் விட்டம் 776 மி.மீ. இரண்டாவதன் விட்டம் 831 மி.மீ. விட்டம் 7 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-ல் போய்க்கொண்டிருக்கும். எல்லா கியரும் 7 சதவீதம் உயர்ந்தது போலாகிவிடும். லோடோடு மேடு ஏறும்போது இழுவை குறையும், கிளட்சுக்கு வேலை கூடும். கனமான பெரிய சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக்கே உழைக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டிலோ சேஸிஸிலோ உரசவும் கூடும். லோடு வண்டிக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விட்ட வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் நிற்கட்டும். உங்கள் நாட்டில் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும், ரிம்மின் அகலம் புது டயருக்குப் பொருந்துமா என்பதையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். புதுசை முன்னே போடவா, பின்னே போடவா?

பதில்: பின்னே போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சமாளிப்பது கடினம். காலி பிக்கப்பில் பின்பக்க எடையும் குறைவு என்பதால் இது இன்னும் முக்கியம். ஆனால் முன்னே ஓடப்போகும் பழைய டயரும் மொட்டையாக இருக்கக்கூடாது.

உங்களுடையது நான்கு சக்கர இழுவை வண்டியா? அப்படியானால் நான்கின் பட்டன் ஆழமும் நெருக்கமாக இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் 2 மி.மீ. ஆழம் வித்தியாசப்பட்டால், 800 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மீட்டர் கணக்கு தவறும். இரண்டு அச்சும் பூட்டி ஓடும்போது அந்த வித்தியாசத்தை, இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கியர்களும் முறுக்காக வாங்கிக்கொள்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு என்பதில் இந்த வகை வண்டிக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பட்டன் எவ்வளவு தேய்ந்தால் டயரை மாற்றுவது?

பதில்: பட்டன் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் மிச்சம் 1.6 மி.மீ.; அதற்குமேல் ஓட்டக்கூடாது. மழையில் லோடோடு ஓடுகிறவர்கள் 3 மி.மீ. வந்ததுமே மாற்றுவது நல்லது. பள்ளம் ஆழமில்லாத டயரால் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. டயர் தண்ணீர்மேல் மிதந்துவிடும்.

கேள்வி: பக்கவாட்டில் ஆணி ஏறிவிட்டது. குச்சி போட்டு அடைத்துக் கொடுத்தார்கள். இப்போது காற்று நிற்கிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். மடங்கி விரிவதெல்லாம் பக்கச்சுவரில்தான். அங்கே போட்ட ஒட்டு நிலைக்காது. தரையில் படும் பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்குள் உள்ள ஓட்டையை மட்டும்தான் ஒட்டலாம். அதிலும் வெளியிலிருந்து குச்சி திணிப்பது தற்காலிக ஏற்பாடுதான். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் சுரண்டி, தண்டும் பேட்ச்சும் சேர்ந்த காளான் வடிவ ஒட்டு போடுவதே முறையானது. தண்டு ஓட்டையை அடைக்கும், பேட்ச் உள்ளிருந்து காற்றைத் தடுக்கும். தண்டு இல்லாவிட்டால் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்டீல் பெல்ட் துருப்பிடிக்கும்.

கழற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு. காற்று இறங்கிய டயரோடு கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கும், பக்கச்சுவரின் உள்புறத்தில் வளையமாகத் தேய்ந்த தடம் தெரியும். அப்படிப்பட்ட டயரை ஒட்டவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல டயராகத்தான் தெரியும்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் டயர் சூடாகாது என்பது உண்மையா?

பதில்: இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜன் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான் லாபம். டயர் சூடாவது பக்கச்சுவர் மடங்குவதால். அதற்குச் சரியான அழுத்தம்தான் மருந்து, உள்ளே எந்த வாயு இருந்தாலும்.

கேள்வி: டயரை இடம் மாற்றிப் போடுவது எப்போது, எப்படி?

பதில்: 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. பின்சக்கர இழுவை வண்டியில் பின் டயர் இரண்டையும் அதே பக்கத்தில் நேராக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முன் டயர்களைக் குறுக்காக, இடதை வலதுக்கும் வலதை இடதுக்குமாகப் பின்னுக்குப் போடுங்கள். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும் டயரைப் பக்கம் மாற்றக்கூடாது, முன்–பின் மட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு டயர் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது.

மாற்றி முடித்ததும் முதல் வேலை காற்றைத் திருத்துவது. 55 வைத்திருந்த பின் டயர் இப்போது முன்னே நிற்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நட்டு இறுக்குவதையும் இதோடு சொல்லிவிடுகிறோம். ரிம் அச்சோடு இணையும் முகப்பில் துரு, மண் இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். எல்லா நட்டையும் கையால் ஏற்றி, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடியுங்கள். கையேட்டில் உள்ள அளவுதான் சரி. அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் ஒரே வண்டியிலேயே வேறு வேறு அளவு இருக்கலாம். போல்ட்டின் புரியில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். தடவினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். லோடு ஏற்றும் வண்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: ஸ்டெப்னி ஒரு தடவைகூடப் பயன்படவில்லை. எட்டு வருடம் ஆகிறது. பட்டன் புதுசு போல இருக்கிறது. அவசரத்துக்கு மாட்டலாமா?

பதில்: பக்கத்து டயர் கடை வரை, மெதுவாக, லோடு இல்லாமல் மட்டும். ரப்பர் ஓடாவிட்டாலும் முதுமையடையும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் கடந்த டயரை வருடம் ஒரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனால், பட்டன் எப்படி இருந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்று பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் வண்டிக் கம்பெனிகளும் உண்டு. பக்கச்சுவரிலோ பட்டன் பள்ளத்தின் அடியிலோ வெடிப்பு தெரிந்தால் வருடக் கணக்கு பார்க்கவே வேண்டாம். புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பிக்கப்பில் ஸ்டெப்னி பெரும்பாலும் சரக்குத் தொட்டிக்கு அடியில் தொங்குகிறது. சேறும் தண்ணீரும் நேரே அதன்மேல்தான் அடிக்கும். தொங்கவிடும் செயினோ கேபிளோ துருப்பிடித்து இறுகிவிட்டால், பஞ்சரான இடத்தில் டயரைக் கீழே இறக்கவே முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இறக்கி, இறக்கும் பொறிக்கு எண்ணெய் விட்டு, டயரைக் கழுவி, காற்றை நிரப்பி வையுங்கள். பின்னே லோடோடு மாட்ட நேரலாம் என்பதால் ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்ச அளவுக்கே வைத்திருங்கள். தேவைக்கு மேல் இருந்தால் சாலையோரத்தில் இறக்கிக்கொள்ளலாம், ஏற்றுவதுதான் முடியாது. அதே நேரத்தில் ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்து, லோடு ஏறிய நிலையில் அந்த ஜாக்கி வண்டியைத் தூக்குகிறதா என்று சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.